ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டி

மார்ச் 3, ஞாயிறு

கண்ணு,

போனில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்குப் போனில் பாதி கேட்காது. நீ போனில் பாதி சொல்ல மாட்டாய். இரண்டு பாதியும் போனால் மிச்சம் என்ன? அதனால்தான் கடிதம். வார்டில் நர்ஸாக இருந்த காலம் முழுக்கச் சார்ட் எழுதிய கை இது. ரிட்டயர் ஆன பிறகு மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதாமல் கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் குவாட் பைக்கைப் பார்க்க இன்று ஆள் வந்தார். நீ கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துத்தான். பல் டாக்டராம். மனிதர் நல்லவர், வாய்தான் ஓயவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர் போல. வண்டி வாங்கும் முன்பே ஹெல்மெட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஷெட்டைத் திறந்து, போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். நாலு குண்டுச் சக்கரத்தோடு நம் நாலுகாலன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

பொத்தானை அழுத்தினோம். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் எதுவும் இல்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி ஒரு 'டிக்'. முன்விளக்கு எரிந்தது, ஆனால் மங்கல். சரி செய்து வையுங்கள், எனக்கு ஞாயிறுதான் லீவு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். நீ இருந்தவரை அந்த வண்டியில் வேறு யார் கையும் பட விட்டதில்லை. என் கைக்கு அனுமதி உண்டா? எழுது.

கோர்ட்டில் எல்லாம் முடிந்து நீ கிளம்பிய பிறகு வீடு பெரிதாகிவிட்டது. என் மகன் வெளிநாட்டிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறான். அவன் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உங்கள் இரண்டு பேரில் யாரும் கெட்டவரில்லை, ஒரே கூரைக்குள் மட்டும் ஒத்துவரவில்லை. அதைக் கிளற நான் எழுதவில்லை.

வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? போன வருஷம் பந்தயத்தில் வண்டி புரண்டு உடைத்துக்கொண்டது, குளிர் நாளில் வலிக்கத்தான் செய்யும். மறைக்காமல் எழுது.

அத்தை


மார்ச் 8

அத்தைக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

உங்கள் கைக்கு அனுமதி உண்டு. என் எலும்பையே கட்டிய கை.

'டிக்' என்றால் பேட்டரி. மாதக்கணக்கில் நின்று கிடக்கிற வண்டிக்கு முதலில் படுப்பது அதுதான். சீட்டுக்குப் பின்னால் அடியில் ஒரு கொண்டி இருக்கும், இழுத்தால் சீட் கையோடு வந்துவிடும். உள்ளே பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். கழற்றும்போது முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. மாற்றிச் செய்தால் பொறி பறக்கும், கவனம். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷால் அந்த முனைகளைத் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். என் சிவப்புப் பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறது. ஒரு ராத்திரி சார்ஜில் போட்டால் எழுந்துவிடும்.

இங்கே படகு எஞ்சின் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. கீழே மெஷின் சுற்றும்போது என் கட்டிலும் சேர்ந்து நடுங்குகிறது. ஓடுகிற வண்டிமேல் படுத்த மாதிரி இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. நாலுகாலனை நிறுத்த இங்கே இடமில்லை. எனக்கு அது வேண்டவும் வேண்டாம். சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

மணிக்கட்டு நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மருமகள்


மார்ச் 14

கண்ணு,

'முன்னாள்' என்பது மந்திரிக்குப் போடுவது. என் வீட்டுக்கு வரும் கடிதத்தில் அந்த வார்த்தை வேண்டாம்.

நீ சொன்னபடியே செய்தேன். வார்டில் கட்டிய பழைய ஏப்ரன் அலமாரியின் அடியில் கிடந்தது. அதை எடுத்துக் கட்டிக்கொண்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. கறுப்பு, சிவப்பு, சோடா உப்பு, பிரஷ், துடைப்பு. தையல் பிரித்த புண்ணைச் சுத்தம் செய்கிற மாதிரிதான், இதில் யாரும் "ஐயோ அம்மா" என்று கத்தவில்லை, அவ்வளவே வித்தியாசம். மறுநாள் விளக்கு பளீரென்று எரிந்தது.

இப்போது அடுத்த புகார். பொத்தானை அழுத்தினால் எஞ்சின் 'கிர்ர் கிர்ர்' என்று நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கமாட்டேன் என்கிறது. தும்மல் வருகிற மாதிரி வந்து, வராமல் போய்விடுகிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறது, நல்ல வாடை இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி. ரொம்ப அழுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் என்று ஐந்தாறு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு ஒன்று மட்டும் சொல். இது மூச்சுக் கோளாறா, சாப்பாட்டுக் கோளாறா?

மணிக்கட்டை ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஒரே வரியில் முடிக்கிற நோயாளியை நான் நம்பியதே இல்லை.

அத்தை


மார்ச் 19

அத்தைக்கு,

உங்கள் கேள்வியைப் பட்டறை மேஸ்திரியிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா இங்க வேலைக்கு வருவாங்களா, கேட்டுப் பாரு" என்றார். இங்கே இருக்கும் ஆண்பிள்ளைகள் "வண்டி ஓடல" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லையாம்.

சாப்பாட்டுக் கோளாறு. டேங்கில் இருக்கிற பெட்ரோல் கெட்டுப்போய்விட்டது. அதை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பாகம், அதன் கீழே ஒரு சின்ன திருகு. அதைத் தளர்த்தினால் உள்ளே தேங்கினது வடியும், கீழே டப்பா வையுங்கள். ஷெட் கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு பிளக். எஞ்சின் தலையில் தொப்பி போட்ட ஒரு ஒயர் தெரியும். தொப்பியை நேராக இழுத்து, அடியில் இருக்கிற பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமும் கரியுமாக இருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, காயவைத்து, கையாலேயே முடுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள். சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிடுங்கள்.

உங்களைக் குனியவும் நிமிரவும் வைப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முட்டி வலித்தால் விட்டுவிடுங்கள். முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யுங்கள்.

கையெழுத்து எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அதனால் போடவில்லை.


மார்ச் 24, ஞாயிறு

கண்ணு,

முந்தாநாள் சாயங்காலம் நாலுகாலன் பிடித்துக்கொண்டான்.

முதலில் ஒரு தும்மல். பிறகு இரண்டு. பிறகு அந்தப் பழைய 'தடதட'. ஷெட்டின் தகரம் அதிர்ந்து, மேலே இருந்த தூசி என் தலையில் கொட்டியது. நான் கைதட்டினேன். பார்க்க ஒருவரும் இல்லை, அதற்காகத் தட்டாமல் இருக்க முடியுமா? காது மந்தமான எனக்கே அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. சனிக்கிழமை காலைகளில் நீ அதை முறுக்கிக்கொண்டு கிளம்புவாய், நான் சமையலறை ஜன்னலில் நின்று மெதுவா போ என்று கத்துவேன், நீ கேட்காத மாதிரி போவாய். அந்த நினைப்பில் எஞ்சினை நிறுத்த மனசு வராமல் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று பல் டாக்டர் வந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இந்த முறை தும்மல்கூட இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. பெட்ரோல் புதியது. பிளக் நேற்றுத்தான் பார்த்தேன், சுத்தம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பார்த்து, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு போனார்.

இனி என்ன பார்க்க வேண்டும்?

அத்தை


மார்ச் 29

அத்தைக்கு,

வண்டி ஓடியதை நீங்கள் எழுதிய பத்தியை மூன்று தடவை படித்தேன். ஜன்னலில் நின்று கத்தியது எனக்குக் கேட்கும். எல்லா வாரமும் கேட்டது.

சுற்றுகிறது, தும்மல்கூட இல்லை என்றால் பொறி வரவில்லை என்று அர்த்தம். வேறு எதையும் கழற்றும் முன் ஹேண்டிலின் இடது பக்கம் பாருங்கள். ஒரு சிவப்புக் கயிறு, அதன் முனையில் ஒரு கிளிப், அது ஒரு குமிழுக்கு அடியில் சொருகியிருக்க வேண்டும். கிளிப் உருவியிருந்தால் பொறி வராது, தலைகீழாக நின்றாலும் எஞ்சின் பிடிக்காது. கயிற்றின் மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டுவதற்கு. விழுந்தால் கிளிப் உருவிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அன்றைக்கு நான் புரண்டபோது அதனால்தான் எஞ்சின் நின்றது. இல்லாவிட்டால் மணிக்கட்டோடு போயிருக்காது.

இங்கே மழை. படகெல்லாம் கரையில், பட்டறை நிறைய வேலை. நான் நன்றாக இருக்கிறேன்.


ஏப்ரல் 7, ஞாயிறு

கண்ணு,

கயிறு குமிழில் இல்லை. ஷெட் ஆணியில் தொங்கியது. மாட்டினேன். ஓடியது. புதன்கிழமை ஒரு தடவை, நேற்று ஒரு தடவை, இரண்டு முறையும் ஒரே அழுத்தில்.

இன்று பல் டாக்டர் வந்து ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆனது. மனிதர் பூரித்துப்போய் ஷெட்டிலிருந்து வாசல் கேட் வரைக்கும் ஓட்டினார். கேட்டுக்கு வெளியே ஒரு சக்கரம், உள்ளே மூன்று சக்கரம், அங்கே நின்றுவிட்டது. மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். நிற்கும் முன் குரல் இளைத்து, விக்கி, பிறகு அடங்கியது. அப்புறம் எவ்வளவு அழுத்தியும் வரவில்லை. இரண்டு பேரும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தோம். வேறு வண்டி பார்க்கட்டுமா என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். ஆனால் ஆள் வண்டி அழகில் மயங்கிவிட்டார், போகமாட்டார்.

உன் அறையில் குளிருக்குப் போர்வை இருக்கிறதா? நீ எதையும் எடுத்துப்போகவில்லை. இரண்டு பையோடு போனாய்.

அத்தை


ஏப்ரல் 12

அத்தைக்கு,

போர்வை வாங்கிவிட்டேன்.

இரண்டு நிமிஷம் ஓடி, இளைத்து, நின்றால் பெட்ரோல் குழாய் மூடியிருக்கிறது. டேங்குக்கு அடியில் இடது பக்கம் ஒரு சின்னக் கைப்பிடி. கீழ்நோக்கி இருந்தால் திறந்திருக்கிறது, படுத்திருந்தால் மூடியிருக்கிறது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோலில் இரண்டு நிமிஷம் ஓடும், அது தீர்ந்ததும் பட்டினி.

ஆனால் எனக்கு இது புரியவில்லை. குழாய் இறுக்கமானது, அதிர்வில் நகராது. சனிக்கிழமை ஓடிய வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிக் குழாய் மூடும்? ஒருவேளை உள்ளே வேறு அடைப்பா? அந்தக் கார்புரேட்டரைக் கடைசியாகப் பிரித்துக் கட்டியது நான். கிளம்புகிற அவசரத்தில் எதையாவது சரியாகப் பொருத்தாமல் விட்டேனா? இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. படுத்தால் அதன் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குள் கழன்று வருகிறது. அந்த மனிதர் வண்டியை வாங்கி, மேட்டில் ஏறும்போது நின்று, பின்னால் உருண்டால்? தயவுசெய்து நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.


ஏப்ரல் 21, ஞாயிறு

கண்ணு,

குழாய் மூடியிருந்தது. திறந்தேன். அடைப்பு எதுவும் இல்லை, பெட்ரோல் நன்றாக வருகிறது. உன் வேலையில் குறை இல்லை.

இன்று: ஸ்டார்ட் ஆனது. கறுப்புப் புகை. முறுக்கினால் திணறல், பிறகு நின்றுவிட்டது. பல் டாக்டர் இந்தத் தடவை பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். வாய்க்குள் பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்து, சீட்டுக்கு அடியில் காற்று போகிற பெட்டியைத் திறந்தார். உள்ளே, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணி காணப்பட்டது. நாலாக மடித்து, ஓரங்கள் உள்ளே சொருகப்பட்டிருந்தன. எடுத்துவிட்டோம்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல்முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்.

அத்தை


ஏப்ரல் 26

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் எல்லாக் கடிதத்தின் தேதியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "வாரம் பூரா வேலை செஞ்சுட்டு ஞாயித்துக்கிழமை லீவு போடுற வண்டிய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். கயிறு குமிழில் இல்லை. குழாய் மூடியிருந்தது. காஸ் துணி காணப்பட்டது. எல்லாம் இருக்கிறது, யார் செய்தது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பேட்டரியும் பெட்ரோலும் நிஜமான கோளாறு. மற்ற மூன்றும் நீங்கள். நாலாக மடித்து ஓரத்தை உள்ளே சொருகுகிற கை இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். என் மணிக்கட்டில் நாற்பது தடவையாவது அதே மடிப்பைப் பார்த்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள்.

எனக்குக் கோபம்தான். தூக்கம் கெட்டு, என் கைமேலேயே சந்தேகப்பட்டு, பட்டறையில் ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை முடுக்கிக்கொண்டிருந்தேன். வண்டியை ஏன் விற்கச் சொன்னேன் தெரியுமா? இடமில்லை என்பதெல்லாம் சாக்கு. உங்கள் மகன் நாளைக்கு இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவார். அவள் ஷெட்டைத் திறந்தால் அங்கே நான் நிற்கக்கூடாது. இது யாருடையது என்று அவள் கேட்டு, நீங்கள் பதில் சொல்ல முடியாமல் முழிக்கக்கூடாது. உங்களுக்குச் சுமையாக எதையும் விட்டுவைக்கக்கூடாது என்றுதான்.

எதற்காக இப்படிச் செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.


மே 2

கண்ணு,

மூன்றும் நான்தான்.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காத காய்ச்சலைச் சார்ட்டில் எழுதியதில்லை நான். இல்லாத கோளாறை இருக்கிறது என்று உனக்கு எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதனால் கோளாறையே உண்டாக்கிவிட்டு, இருப்பதை இருக்கிறபடி எழுதினேன். இதுவும் திருட்டுத்தனம்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது.

ஏன் என்று கேட்டாய். வண்டி போய்விட்டால் நீ எனக்கு எழுத என்ன இருக்கும்? நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன். அதுவும் போகப்போக வருஷத்துக்கு ஒன்றாகும், பிறகு அதுவும் நின்றுவிடும். இந்த இரண்டு மாதத்தில் நீ எனக்கு எழுதியதை, இந்த வீட்டில் இருந்த ஐந்து வருஷத்தில் பேசியதில்லை. முட்டி வலித்தால் முக்காலி போடச் சொன்னாய். அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு அழுதேன். இது இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைதான், வேறு காரணம் இல்லை.

கோர்ட்டில் கையெழுத்துப் போட்டது நீங்கள் இரண்டு பேர். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவனுக்கு நீ யாரும் இல்லை என்று நீதிபதி சொன்னார், சரி. எனக்கு நீ யாரும் இல்லை என்று யார் சொன்னது? நீயே சொல்லிக்கொண்டு, கையெழுத்துக்கூடப் போடாமல் கடிதம் அனுப்புகிறாய்.

இன்னொருத்தி வந்து ஷெட்டைத் திறந்தால், இது என் மருமகள் வண்டி என்று சொல்லியிருப்பேன். இதில் முழிக்க என்ன இருக்கிறது?

ஆனால் நீ தூக்கம் கெட்டுப்போவாய் என்று நான் நினைக்கவில்லை. அது என் தப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டருக்கு ஊரில் வேலையாம். அடுத்த ஞாயிறு வருவார். வண்டி ஸ்டார்ட் ஆகும்.

அத்தை


மே 12, ஞாயிறு

கண்ணு,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டி ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. பல் டாக்டர் தெருவைச் சுற்றி இரண்டு ரவுண்டு வந்தார். திருப்பத்தில் உடம்பைச் சாய்க்கத் தெரியவில்லை, மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், போகப்போகப் பழகுவார். கிளம்பும்போது என்னிடம் வந்து, "காஸ் துணிய நான் யார்கிட்டயும் சொல்லல சிஸ்டர்" என்றார். நல்ல மனிதர் கையில்தான் போயிருக்கிறது. சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷெட் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் துடைக்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். எஞ்சின் சுற்றுகிறதாம், பிடிக்கவில்லையாம், தும்மல்கூட இல்லையாம். ஏப்ரன் பைக்குள் கையை விட்டால் சிவப்புக் கயிறு. எஞ்சினை நிறுத்தியதும் உருவிப் பைக்குள் போட்டிருக்கிறேன், தெர்மாமீட்டரை எடுத்ததும் பைக்குள் போடுகிற அதே பழக்கம். இந்தத் தடவை சத்தியமாக மறதி. நீ நம்பமாட்டாய், அது நான் தேடிக்கொண்டது.

உன்னை உயிரோடு எனக்குத் திருப்பிக் கொடுத்த கயிறு இது. மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

நீ எழுதாதது கோபத்தாலா, மணிக்கட்டாலா? கடைசிக் கடிதத்தில் இரண்டாம் பக்கத்திலிருந்து எழுத்தெல்லாம் கீழ்நோக்கிச் சரிகிறது. மார்ச் மாதம் மூன்றாம் பக்கத்தில்தான் சரிந்தது. உன் கடிதங்களை நானும் சார்ட் மாதிரிதான் படிக்கிறேன்.

அத்தை


மே 17

அத்தை,

நம்புகிறேன். பொய்யாக மறக்க உங்களுக்குத் தெரியாது.

கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. பதில் எழுத உட்கார்ந்தால், கையெழுத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த வரியிலேயே கண் நின்றுவிடுகிறது. உங்களை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வது என்று தெரியாமல்தான் வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், டயரில் காற்று பாருங்கள் என்று. நீங்கள் தலையாட்டிக்கொண்டே கேட் வரைக்கும் வந்தீர்கள். உங்களைப் பிரிவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

மணிக்கட்டு நன்றாக இல்லை. காலையில் விறைத்துக்கொள்கிறது. ஸ்பேனரை இடது கையால்தான் பிடிக்கிறேன். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். உங்களிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவீர்கள், அப்படி வரவைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

பல் டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை நானே வந்து கயிற்றை மாட்டித் தருகிறேன், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற ஐட்லிங் வேகத்தையும் பார்த்துத் தருகிறேன் என்று. அந்தச் சாக்கில் மணிக்கட்டையும் உங்களிடம் காட்டிவிட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன். கயிறு பத்திரம்.

உங்கள் மருமகள்


மே 21

கண்ணு,

கையெழுத்தைப் பார்த்தேன். அந்த ஒரு வரி மட்டும் சரியாமல் நேராக இருந்தது.

மணிக்கட்டுக்கு அங்கேயே எலும்பு டாக்டரிடம் நாளைக்கே போ. தள்ளிப்போடாதே. காலையில் வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துவிட்டுச் செய்கிற பயிற்சிகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்காக நீ இங்கே வர வேண்டியதில்லை.

கயிற்றை இன்று காலை நானே எடுத்துக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். கிளிப்பை எங்கே சொருகுவது, மறுமுனையை மணிக்கட்டில் எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன். ஒரே அழுத்தில் பிடித்தது. ஐட்லிங் திருகையும் அரைச் சுற்று திருப்பி வைத்துவிட்டேன், குரல் இப்போது சீராக இருக்கிறது. அதற்காகவும் நீ வர வேண்டியதில்லை.

ஷெட் தரையைத் துடைத்துவிட்டேன். இப்போது உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

சனிக்கிழமை வா.

அத்தை